ஃபைபர்கிளாஸ் பக்கியைச் சாலையில் ஓடத் தகுதியுள்ள மின்வாகனமாக மாற்றுவது: எதில் தொடங்குவது?

மணல்மேடு:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சேஸிஸைக் குறுக்கி, அதன் மேல் ஃபைபர்கிளாஸ் பாடி பொருத்திய பக்கி (மணலில் ஓட்டும் திறந்த சிறு வண்டி) ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்னால் உள்ள 1600 சிசி எஞ்சின் செப்பனிடும் நிலையைத் தாண்டிவிட்டதால், வண்டியை முழு மின்வாகனமாகவே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மணலில் விளையாடுவதற்காக அல்ல. எண் பலகையோடும் காப்பீட்டோடும் பொதுச் சாலையில் அன்றாடம் ஓட்ட வேண்டும். ஒரு சார்ஜில் நூறு கிலோமீட்டர் போனால் போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் செல்ல வேண்டும்.

விபத்தில் சிக்கிய முதல் தலைமுறை நிசான் லீஃப் மின்கார் ஒன்றின் மோட்டாரும், பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை மோட்டாருக்கான மாறு மின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரும் விலைக்கு வந்திருக்கின்றன. அவற்றை முதலில் வாங்கிவிட்டு, மற்றவற்றை அவற்றுக்கேற்ப அமைத்துக்கொள்ளலாமா? எந்த மோட்டார், எத்தனை வோல்ட், கியர்பாக்ஸை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்ற மூன்றுக்கும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழம்பட்டறை:

மோட்டாரை இப்போது வாங்க வேண்டாம், நண்பரே. இந்த வேலையில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் மோட்டாரில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் வண்டி சாலைக்கு வருமா, கொட்டகையிலேயே நிற்குமா என்பதை முடிவு செய்வது பதிவுச் சான்றுதான். உங்கள் வண்டி எந்த வகையின் கீழ்ப் பதிவாகும் என்பது தெரியாதவரை வோல்ட்டைப் பற்றியும் கிலோவாட்டைப் பற்றியும் பேசிப் பயனில்லை.

சான்றை எடுத்து, பாடியின் வகை என்னவென்று எழுதியிருக்கிறது, சேஸிஸ் எண் எதனுடையது, இருக்கைகள் எத்தனை என்று பாருங்கள். 1960-களில் புரூஸ் மேயர்ஸ் தமது மேயர்ஸ் மாங்க்ஸ் பக்கியைப் பீட்டில் சேஸிஸின் மேல் அமரும்படி மாற்றியபோது, சேஸிஸின் நடுவில் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் வெட்டியெடுத்து இரு பாதிகளையும் மீண்டும் பற்றவைக்கும்படி வடிவமைத்தார். அதைப் பார்த்து வந்த நகல்களும் பெரும்பாலும் அதே வழியில் போயின. எனவே 2400 மில்லிமீட்டராக இருந்த சக்கர இடைவெளி உங்கள் வண்டியில் 2040-ஐ ஒட்டி இருக்கக்கூடும். அந்த வெட்டும் பற்றவைப்பும் அந்தக் காலத்திலேயே ஆய்வுக்கு உட்பட்டுச் சான்றில் ஏறியிருந்தால், ‘எஞ்சின் வகை மாற்றம்’ என்ற அளவில் உங்கள் வேலை முடிய வாய்ப்புண்டு. சான்றில் வண்டி இன்னும் முழுநீளப் பீட்டிலாகவே இருந்தால், பல நாடுகளில் அது பழைய அடையாளத்தை இழந்து, தனியாள் புதிதாகக் கட்டிய வாகனமாகக் கருதப்படும். அப்போது வண்டியின் வயதுக்காகக் கிடைத்து வந்த விலக்குகள் போய்விடும். பக்கிக்கு அவற்றை விடப் பெரிய சொத்து வேறில்லை.

இரண்டாவது, பேட்டரியைப் பற்றியது. மின்வாகனப் பாதுகாப்புக்கு உலகில் பல நாடுகள் பின்பற்றுவது ஐ.நா. ஒழுங்குவிதி 100. அது பேட்டரித் தொகுதியை முழுமையான ஒரு பொருளாகவே பார்க்கிறது. அதிர்வு, வெப்ப ஏற்றத்தாழ்வு, இயந்திர அதிர்ச்சி, புற ஷார்ட் சர்க்யூட், மிகைச் சார்ஜ், மிகை டிஸ்சார்ஜ் ஆகிய சோதனைகளோடு, 70 விநாடி நேரடித் தீயில் காட்டும் சோதனையும் அதில் உண்டு. லீஃபின் பேட்டரியை அதன் உறையோடு அப்படியே எடுத்தால், அதற்கு அந்த ஒப்புதல் இருக்கும் பட்சத்தில் அதைக் காட்டலாம். ஆனால் அந்த உறை உங்கள் பக்கியில் நுழையாது. உறையைப் பிரித்து, செல் தொகுப்புகளான மாட்யூல்களை வெளியே எடுத்த நொடியிலேயே அந்த ஒப்புதல் செல்லாது. அதன்பின் நீங்கள் செய்யும் பெட்டி ஒரு புதிய பேட்டரி. சில நாடுகளின் ஆய்வாளர்கள் தனியாள் மாற்றங்களுக்குப் பொறியாளரின் அறிக்கையோடு இதை ஏற்றுக்கொள்கிறார்கள், சில நாடுகளில் ஏற்பதில்லை. உங்கள் ஆய்வாளர் எந்தப் பக்கம் என்பதை எழுத்துமூலம் கேட்டு வாங்காமல் ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள்.

நான்காம்கியர்:

மேலே நண்பர் கூறிய ஒழுங்கு சரியே. எனினும் கியர்பாக்ஸ் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம், ஏனெனில் அதுவும் ஆய்வோடு தொடர்புடையதுதான்.

பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு, அடாப்டர் பிளேட் மூலம் மோட்டாரை அதில் பொருத்துவது எளிய வழி. பின் சஸ்பென்ஷனும் அரை அச்சுகளும் கியர்பாக்ஸைத் தாங்கும் கவைகளும் அப்படியே இருக்கும். ஆய்வாளரிடம் விளக்கவேண்டிய மாற்றம் ஒன்று குறையும். கிளட்ச்சை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் விருப்பம். நீக்கினால், ஓடும்போது கியர் மாற்றுவது மெதுவாக நடக்கும்; ஆனால் மாற்றவேண்டிய தேவையே அரிதாகத்தான் வரும். 33 சென்டிமீட்டர் ஆரமுள்ள டயரும் 4.125 இறுதி விகிதமும் இருந்தால், மூன்றாம் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மோட்டார் சுமார் 3,300 ஆர்.பி.எம்.மில் சுழலும், எந்த ஏ.சி. மோட்டாருக்கும் அது சுகமான வேகம். ஊருக்குள் இரண்டாம் கியர், வெளியே மூன்றாம் கியர் என்று வைத்துக்கொண்டால் முதல் கியரும் நான்காம் கியரும் வெறும் அலங்காரம்தான்.

எச்சரிக்கை ஒன்று. 1600 எஞ்சின் தந்த முறுக்குவிசை சுமார் 106 நியூட்டன் மீட்டர், அதுவும் படிப்படியாக ஏறி வருவது. முதல் தலைமுறை லீஃப் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே 280 நியூட்டன் மீட்டர் தரக்கூடியது. அதை அப்படியே முதல் கியரில் விட்டால் பற்கள் போகும், அல்லது அச்சு முறியும். இன்வெர்ட்டரில் உச்சவரம்பை 150-ஐ ஒட்டி நிறுத்திவிடுங்கள். விசை படிப்படியாக ஏறும்படியும் அமைத்துவிடுங்கள்.

லீஃபின் மோட்டாரோடு வரும் குறைப்புப் பெட்டியையே பின்னால் வைப்பது மறுவழி. அதன் விகிதம் 7.94. அதைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும், அதாவது பழம்பட்டறை அவர்கள் அஞ்சும் அதே இடத்துக்கு உங்களைக் கொண்டுபோய் விடும்.

மின்தடை:

வோல்ட்டேஜ் பற்றி நான் எழுதுகிறேன்.

65 கிலோவாட் உச்சத் திறன் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். 100 வோல்ட் அமைப்பில் அதற்கு 650 ஆம்பியர் ஓட வேண்டும். 360 வோல்ட்டில் 180 ஆம்பியர் போதும். முதலாவதற்குக் கட்டைவிரல் பருமனுள்ள 95 சதுர மில்லிமீட்டர் கேபிளும் அதற்கேற்ற லக்குகளும் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக இணைப்புகள்) தேவை. ஒரு லக் சரியாக அழுத்தப்படாவிட்டாலும் அந்த இடம் சூடேறி உறையை உருக்கிவிடும். உயர் வோல்ட்டேஜில் கேபிள் மெலியும், ஆனால் பிழைக்கு இடமிராது. நேர் மின்னோட்டம் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஒழுங்குவிதி 100-இன் கண்ணில் அது உயர் மின்னழுத்தம்தான். 100 வோல்ட்டுக்கும் 400 வோல்ட்டுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஆரஞ்சு நிறக் கேபிள், விரல் நுழையாத உறைகள், எச்சரிக்கைக் குறி, மின்காப்பு அளவீடு எல்லாம் கட்டாயம். அப்படியிருக்க, 100 வோல்ட் ‘பாதுகாப்பானது’ என்ற எண்ணத்தில் அதைத் தேர்வது சரியன்று.

இந்த இழையைப் படிக்கும் பலருக்கும் பயன்படும் என்பதால் ப்ரீசார்ஜ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டருக்குள் பெரிய கபாசிட்டர் இருக்கிறது. 1,000 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். அது காலியாக இருக்கும்போது பிரதான காண்டாக்டரை (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ரிலே) நேரடியாக மூடினால், அந்தக் கணத்தில் கேபிளின் எதிர்ப்பைத் தவிர மின்னோட்டத்தைத் தடுக்க ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். காண்டாக்டரின் முனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்துக்கொள்ளும். அதன்பின் சாவியைத் திருப்பி அணைத்தாலும் பேட்டரி துண்டிக்கப்படாது. இதைத் தவிர்க்க, சிறிய ரிலே ஒன்றும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் கொண்ட பக்கவழியாக முதலில் கபாசிட்டரை நிரப்ப வேண்டும். தொடக்க மின்னோட்டம் 3.6 ஆம்பியர்தான், அரை விநாடியில் கபாசிட்டர் ஏறத்தாழ நிரம்பிவிடும், அதன்பின் பிரதான காண்டாக்டர் மூடலாம். ரெசிஸ்டர் கம்பி சுற்றியதாக இருக்கட்டும், ஏனெனில் அந்த அரை விநாடியில் அது 65 ஜூல் வெப்பத்தை விழுங்க வேண்டியிருக்கிறது. கபாசிட்டர் நிரம்பியதா என்பதை நேரத்தைக் கொண்டு ஊகிக்காமல், வோல்ட்டேஜை அளந்து உறுதிசெய்த பிறகே காண்டாக்டருக்கு ஆணை போகும்படி அமைப்பது நல்லது.

ஃபியூஸ் பற்றி ஒரு சொல். வீட்டுப் பயன்பாட்டு ஃபியூஸை இங்கே வைக்காதீர்கள். மாறு மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் சுழியைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணையும். நேர் மின்னோட்டத்துக்கு அந்தக் குணம் இல்லை. தொடர்ச்சியான மின்வில்லாக எரிந்துகொண்டே இருக்கும். உங்கள் வோல்ட்டேஜுக்கான டி.சி. மதிப்பீடு ஃபியூஸின் உடலிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். காண்டாக்டர்களிலும் சிலவற்றுக்குத் திசை உண்டு. கூட்டல் குறியைக் கவனிக்காமல் மாட்டினால், சுமையோடு திறக்கும்போது மின்வில் அணையாது.

கம்மிவோல்ட்:

மின்தடை அவர்களின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐ.நா. ஒழுங்குவிதி, 100 வோல்ட்டையும் 400 வோல்ட்டையும் ஒன்றாகப் பார்க்கிறது என்பதற்காக மனித உடலும் அப்படியே பார்க்கும் என்று கொள்ள முடியாது. தனியாகக் கொட்டகையில் வேலை செய்பவர், பேட்டரியைக் கட்டும்போது, ஃபியூஸும் காண்டாக்டரும் இல்லாத நிலையில் திறந்த முனைகளோடுதான் பழக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் 100 வோல்ட் மன்னிக்கக்கூடிய பிழையை 360 வோல்ட் மன்னிக்காது. மேலும், நம் நண்பருக்கு 65 கிலோவாட் எதற்கு? பீட்டிலின் எஞ்சினே 50 குதிரைத்திறன், அதாவது 37 கிலோவாட்தான். 30 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களைத் தொடராக இணைத்தால் 96 வோல்ட். அவற்றின் வெப்பத் தாங்குதிறன் மற்ற லித்தியம் வகைகளைவிட மிகுதி. 280 ஆம்பியர் மணி செல்லாக இருந்தால் ஏறத்தாழ 27 கிலோவாட் மணி. புதிய செல் என்பதால் அதன் போக்குவரத்துச் சோதனைச் சான்றையும் உற்பத்தியாளரின் தரவுத்தாளையும் ஆய்வாளரிடம் கொடுக்கலாம். பழைய காரிலிருந்து வந்த மாட்யூலுக்கு என்ன சான்று கொடுப்பீர்கள்?

மின்தடை:

திறந்த முனைகளைப் பற்றிச் சொன்னது நியாயமான வாதம். அதற்காகத்தான் பேட்டரியை நடுவில் பிரிக்கும் சர்வீஸ் பிளக் வைக்கிறோம். அதைக் கழற்றினால் 360 என்பது இரண்டு 180-களாகிவிடும். ஆனால் செல்லின் சான்று பற்றி அவர் எழுதியதை ஏற்கிறேன். ஆய்வாளரின் மேசையில் அது பெரிய அனுகூலம்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் திறனைப் பற்றிப் பேசுகிறீர்கள். எத்தனை கிலோமீட்டர் என்பதை யாரும் கணக்கிடவில்லை. பக்கி இலகுவான வண்டி, ஆகவே குறைந்த பேட்டரியிலேயே நிறைய தூரம் போகும் என்று பலர் நம்புகிறார்கள். எடை விஷயத்தில் அது சரி. காற்று விஷயத்தில் பக்கி ஒரு திறந்த குடை.

காற்றுத்தடைக் கெழுவையும் முன்பரப்பையும் பெருக்கி 1.1 சதுர மீட்டர் என்றும், எடை ஆளோடு சேர்த்து 850 கிலோ என்றும், முரட்டு டயரின் உருள்தடை 0.018 என்றும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மணிக்கு 50 கிலோமீட்டரில் காற்று 127 நியூட்டன், டயர் 150 நியூட்டன். மோட்டார், இன்வெர்ட்டர், கியர்பாக்ஸ் மூன்றும் சேர்ந்து 85 விழுக்காடு செயல்திறன் எனக் கொண்டால் கிலோமீட்டருக்கு 90 வாட் மணி. 80-இல் காற்று 325 நியூட்டனாகிறது. செலவு 155 வாட் மணி. 100-இல் 215. அதாவது பயன்படுத்தக்கூடிய 20 கிலோவாட் மணி கையில் இருந்தால், 50-இல் 220 கிலோமீட்டர், 80-இல் 130, நூறில் 93. சம தரையில் சீரான வேகத்தில் செல்லும்போது கிடைக்கும் அளவு என்பதால், மேட்டிலும் எதிர்க்காற்றிலும் இது குறையும்.

மணல்மேடு அவர்கள் கேட்ட நூறு கிலோமீட்டருக்கு 80-இல் 15.5 கிலோவாட் மணி செலவாகும். பழைய லீஃப் மாட்யூல்களில் 24 கிலோவாட் மணி என்று ஒட்டியிருப்பதை நம்பாமல் அளந்து பாருங்கள். புதிதாக இருந்தபோது இருந்த எண் அது. சாலையில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் அந்த முரட்டு டயர்களைக் கழற்றிவிட்டுச் சாலை டயர் மாட்டுவது, கூடுதல் மாட்யூல் வாங்குவதைவிட மலிவான வழி. பக்கிக்காரர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும்.

மணல்மேடு:

மிக்க நன்றி. கம்மிவோல்ட் அவர்கள் கூறும் 30 செல் அமைப்பை நோக்கி என் மனம் சாய்கிறது. அத்தனை எடையையும் எங்கே வைப்பது? பெட்ரோல் டேங்க் இருந்த முன்பகுதியிலா, பின் இருக்கையின் இடத்திலா?

அச்சாணி:

அந்த வகைச் செல் ஒன்று ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முப்பது செல் என்றால் 160 கிலோவைத் தாண்டும். பெட்டி, செல்களை இணைக்கும் பஸ்பார், கேபிள், காண்டாக்டர்கள் சேர்ந்தால் 200-ஐத் தொடும். எஞ்சினும் சைலன்சரும் முழு டேங்க் பெட்ரோலும் போனாலும், மோட்டாரும் சார்ஜரும் உள்ளே வருகின்றன. ஆகவே வண்டி முன்பைவிட நூறு கிலோவுக்குமேல் கூடும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கூடுவதைவிட எங்கே கூடுகிறது என்பது முக்கியம். பின்னால் எஞ்சின் உள்ள குட்டைப் பக்கிக்கு முன்பாரம் குறைவு. வளைவில் வேகம் கூடும்போது முன்சக்கரங்கள் நேராகவே போகப் பார்க்கும். டேங்க் இருந்த இடத்தில் செல்களில் ஒரு பகுதியை வைத்தால் அந்தக் குறை நீங்கும். ஆனால் முன்னால் மோதல் நேர்ந்தால் முதலில் நசுங்கும் இடமும் அதுதான். ஸ்டியரிங் தண்டு ஓடும் இடமும் அதுதான். என் யோசனை, மூன்றில் ஒரு பங்கைச் சேஸிஸோடு போல்ட் போட்ட எஃகுச் சட்டத்துக்குள் முன்னாலும், மீதியைப் பின் இருக்கையின் இடத்தில் கியர்பாக்ஸுக்கு முன்னே தாழ்வாகவும் வைப்பது. பின் இருக்கையை எடுத்துவிட்டால் சான்றில் இருக்கை எண்ணிக்கையும் இரண்டாகக் குறைய வேண்டும். அதனால் அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் நிற்பது எளிதாகும். ஃபைபர்கிளாஸ் பாடியில் பேட்டரியையோ சீட் பெல்ட்டையோ பிணைப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது. பெல்ட்டின் பிடிப்புகள் சேஸிஸிலோ, சேஸிஸோடு இணைந்த ரோல் பாரிலோ இருக்க வேண்டும்.

இனி பிரேக். முன்னால் டிரம் இருந்தால் டிஸ்க்காக மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் பழைய ஒற்றைச் சுற்று வகையாக இருந்தால் இரட்டைச் சுற்றுக்கு மாற்றுங்கள். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும் வண்டியை எந்த ஆய்வாளரும் இன்று விரும்பமாட்டார். ஃபோக்ஸ்வாகனே 2019-இல் பீட்டிலை மின்வாகனமாக்கிக் காட்டியபோது, 36.8 கிலோவாட் மணி பேட்டரியும் 60 கிலோவாட் மோட்டாரும் சேர்ந்து எடை 1,280 கிலோவானதால், சேஸிஸையும் பிரேக்கையும் வலுப்படுத்தியது. அவர்களுக்கே தேவைப்பட்டது நமக்குத் தேவையில்லை என்று சொல்ல முடியாது.

கைப்பிரேக்கை மறந்துவிடாதீர்கள். பெட்ரோல் வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு முதல் கியரில் போட்டால் எஞ்சினின் அழுத்தம் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மின்மோட்டார் அப்படிப் பிடிக்காது. கியரில் இருந்தாலும் உருளும். கூடிய எடை முழுவதையும் இரு பின் டிரம்களும் கேபிளும் மட்டுமே தாங்க வேண்டும். புதிய கேபிளும் புதிய ஷூவும் போட்டு, பேட்டரியின் எடை ஏறியபின் சரிவில் நிறுத்திச் சோதியுங்கள்.

ஈரக்காற்று:

இதுவரை யாரும் தொடாத ஒன்று தண்ணீர். பக்கிக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, சக்கரத்துக்கு முழு மட்கார்டும் இல்லை. முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு நேராக இருக்கைக்கும் பேட்டரிப் பெட்டிக்கும்தான் வரும். தயாரிப்பு நிறுவனங்களின் மின்கார்களில் இன்வெர்ட்டர் மூடிய பானெட்டுக்குள் இருக்கிறது. உங்களுடையது மழையில் நிற்கப்போகிறது.

இதன் விளைவு மின்காப்பு அளவீட்டில் தெரியும். ஒழுங்குவிதி 100-இன்படி, மாறு மின்னோட்டப் பகுதியும் நேர் மின்னோட்டப் பகுதியும் இணைந்த அமைப்பில் ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் காப்பு வேண்டும். முழுச் சார்ஜில் 110 வோல்ட்டை எட்டும் உங்கள் பேட்டரிக்கு 55 கிலோஓம். இது கடினமான அளவன்று, உலர்ந்த வண்டி பல மெகாஓம் காட்டும். ஆனால் மோட்டாரின் மூன்று கேபிள்கள் நுழையும் கிளாண்டில் (கேபிளைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் பொருத்தி) சிறிது உப்புச்சேறு தேங்கினாலும் எண் சடசடவென்று இறங்கும். கிளாண்டுகள் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ பார்க்கும்படி இருக்கட்டும். மேல்நோக்கிய கிளாண்ட் என்பது தண்ணீருக்கு வைத்த புனல். கேபிள் கிளாண்டை அடையுமுன் ஒரு தொங்கல் விட்டுவிட்டால் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். ஆய்வுக்கு முதல் நாள் நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிவிட்டு, மின்காப்பு அளக்கும் கருவியான மெகரில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஃபைபர்கிளாஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மின்னைக் கடத்தாது. சாதாரணக் காரில் விளக்குக்கு ஒரு ஒயர் போதும், எர்த் பாடி வழியே திரும்பும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயர் தனியே ஓட வேண்டும். பக்கியில் இண்டிகேட்டர் மினுக்கும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து மினுக்குவதற்கு இதில் உள்ள சோம்பலே பெரும்பாலும் காரணம். அதேபோல் இன்வெர்ட்டர், சார்ஜர், மோட்டார், பேட்டரிப் பெட்டி ஆகியவற்றின் உலோக உடல்கள் அனைத்தும் தடித்த பட்டையால் சேஸிஸோடு இணைய வேண்டும். ஆய்வில் அந்த இணைப்பின் எதிர்ப்பு 0.1 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உலோகப் பாடி இல்லாததால் இன்வெர்ட்டரின் மின்காந்த இரைச்சலைத் தடுக்கவும் எதுவும் இல்லை. மோட்டார் கேபிளுக்குக் கவச உறையுள்ள வகையே வாங்கி, கவசத்தை இரு முனையிலும் சுற்றுவட்டமாகப் பிணையுங்கள். ஆக்ஸிலரேட்டர் ஒயரை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்த ஒயரில் இரைச்சல் ஏறினால் வண்டி தானே இழுக்கும்.

எஞ்சின் போனால் அதன் சூடும் போய்விடும் என்பதால் முன்கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்க வழி கேட்கக்கூடும். கம்பியிழை பதித்த சூடேறும் கண்ணாடி கிடைத்தால் நல்லது. இல்லையேல் சிறிய 12 வோல்ட் ஊதுவி போதும்.

பசும்புல்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கால்ஃப் மைதானத்தில் ஓடும் 48 வோல்ட் பக்கி. அது ஏற்கெனவே மின்வாகனம்தானே? விளக்கும் கண்ணாடியும் மாட்டிவிட்டால் சாலையில் ஓட்டலாமா?

பழம்பட்டறை:

உங்களுடையது வேறு வகை. அமெரிக்காவில் 1998-இல் இதற்கென்றே ‘குறைவேக வாகனம்’ என்ற வகையை உருவாக்கினார்கள். வேகம் மணிக்கு 20 மைலுக்கு மேல், 25 மைலுக்குள், அதாவது சுமார் 40 கிலோமீட்டருக்குள். மொத்த எடை 1,361 கிலோவுக்குக் கீழே. ஹெட்லைட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், பிரதிபலிப்பான், பார்வைக் கண்ணாடி, முன்கண்ணாடி, கைப்பிரேக், சீட் பெல்ட், வாகன அடையாள எண் எல்லாம் வேண்டும். ஐரோப்பாவில் எடை குறைந்த நாற்சக்கர வண்டிகளுக்கு இரு வகைகள் உண்டு: 425 கிலோவுக்குள் 45 கிலோமீட்டர் வேகம் ஒன்று, பயணிகள் வண்டியாக 450 கிலோவுக்குள் 15 கிலோவாட் மற்றொன்று. பேட்டரியின் எடையை இந்த வரம்பில் சேர்ப்பதில்லை என்பது மின்வாகனத்துக்குச் சாதகம். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கட்டிய இலகு பக்கிகளும் இந்த இரண்டாம் வகையில் நுழைய முடியும். பீட்டில் சேஸிஸ் நுழையாது.

உங்களுக்கு இன்னொரு சலுகை இருக்கிறது. 16 இரும்பு பாஸ்பேட் செல்கள் முழுச் சார்ஜில் 58.4 வோல்ட், 60-ஐத் தாண்டவில்லை. உயர் மின்னழுத்த விதிகளில் பெரும்பகுதி உங்களைத் தொடாது. ஆனால் எண் தட்டும் அடையாள எண்ணும் இல்லாத கால்ஃப் வண்டியைப் பதிவு செய்வதுதான் உண்மையான மலை. தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு திசைமாறிவிடும்.

மணல்மேடு:

ஆய்வு அலுவலகத்திலிருந்து எழுத்துமூலப் பதில் வந்துவிட்டது. என் வண்டி குறுக்கப்பட்ட நிலையிலேயே, திறந்த பாடி என்று பதிவாகியிருக்கிறது; ஆகவே எரிபொருள் வகை மாற்றமாகவே கருதுவார்கள். பொறியாளரின் பேட்டரி அறிக்கை, அச்சுவாரியாக எடைச் சீட்டு, பிரேக் சோதனை, மின்காப்பு அளவீடு, மின்காந்த இரைச்சல் தொடர்பான ஆவணம் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார்கள். லீஃப் மோட்டாரை விட்டுவிட்டேன். 96 வோல்ட் ஏ.சி. மோட்டார், பழைய கியர்பாக்ஸ், கிளட்ச் இல்லாமல், இரண்டு இருக்கைகள் என்று முடிவாகியிருக்கிறது.

மீதமுள்ள ஐயங்கள் இரண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை மெதுவாக்குமே, அப்போது பிரேக் விளக்கு எரிய வேண்டுமா? செயற்கை ஒலி தேவையா?

மின்தடை:

முதலாவதற்கு ஐ.நா. பிரேக் விதியில் தெளிவான எண்கள் உள்ளன. ஆக்ஸிலரேட்டரை விட்டதால் மட்டும் ஏற்படும் வேகக்குறைவு, விநாடிக்கு விநாடி 0.7 மீட்டருக்குள் இருந்தால் விளக்கு எரியக் கூடாது, 1.3-ஐத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும்; இடையில் இருந்தால் உங்கள் விருப்பம். உங்கள் கன்ட்ரோலரில் (மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர்) வேகக்குறைவை அளந்து விளக்குக்கு ஆணை தரும் வசதி இல்லையென்றால், மீள்மின்னாக்கத்தை (மோட்டார் வண்டியை மெதுவாக்கி, மின்னைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புவது) 0.7-க்குக் கீழேயே கட்டிவைத்துவிடுங்கள். ஆய்வில் விளக்கவேண்டிய தேவையே இராது. பின்பாரம் மிகுந்த, குட்டையான இந்த வண்டியில் ஈரச் சாலையில் பின்சக்கரத்தை மட்டும் மோட்டார் பலமாகப் பிடிப்பது எப்படியும் நல்லதன்று. பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது மீள்மின்னாக்கம் நின்றுவிடும் என்பதையும், உறைநிலைக்குக் கீழே இரும்பு பாஸ்பேட் செல்லுக்குள் மின்னைத் தள்ளக் கூடாது என்பதையும் பேட்டரி மேலாண்மை அமைப்பு கன்ட்ரோலருக்குச் சொல்லும்படி இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செல்கள்தான் விலை கொடுக்கும்.

ஒலியைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய மின்கார்கள் அனைத்திலும் மணிக்கு 20 கிலோமீட்டர் வரையிலும் பின்னோக்கிச் செல்லும்போதும் ஒலி எழுப்பும் கருவி கட்டாயம். பழைய வண்டியை மாற்றும்போது அது தேவையா என்பதை உங்கள் அலுவலகத்தின் கடிதம் குறிப்பிடவில்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. வண்டி ஓடத் தயாராக இருக்கிறது என்பதைக் காட்டும் விளக்கு கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநர் அதே நிலையில் இறங்க முயன்றால் ஒலியோ விளக்கோ எச்சரிக்க வேண்டும். கதவில்லாத வண்டியில் கதவு சுவிட்ச்சுக்கு வழியில்லை என்பதால், இருக்கையின் அடியில் சுவிட்ச் வைத்துவிடலாம். சார்ஜ் கேபிள் செருகியிருக்கும்போது கன்ட்ரோலர் உயிர்பெறக் கூடாது. சார்ஜ் பாயிண்டில், கேபிள் செருகியிருப்பதை உணர்த்தும் அருகாமை முனையின் சமிக்ஞையை எடுத்து, காண்டாக்டர் சுருளுக்குப் போகும் வரிசையில் ஒரு ரிலேயாக வைத்தால் போதும். அதே வரிசையில், மோதலின் அதிர்ச்சியில் தானே திறக்கும் இனர்ஷியா சுவிட்ச்சும் அவசர நிறுத்தப் பொத்தானும் வரட்டும். மென்பொருளின் வழியாக அல்ல, நேரடி ஒயரிலேயே.